முப்பது நொடி

அடுக்குமாடியின் அடித்தள பார்க்கிங்கில் ஒரே ஒரு டியூப்லைட்தான் எரிந்தது. தயாளன் சாரின் புதுக் காரைப் படமெடுக்க, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒளியுணர்வைக் குறைத்து, ஷட்டர் முப்பது நொடி திறந்திருக்கும்படி வைத்தேன். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த தேசம்மா ஒதுங்கப் போனாள்.

"இருக்கட்டும்மா. முப்பது நொடி எடுக்கிறப்ப, நடமாடுறவங்க படத்துல விழமாட்டாங்க" என்றேன்.

விழவில்லை. கார் மட்டும் பளபளத்தது. பக்கத்தில் நின்ற சார் அந்தப் படத்தை அவளிடமே காட்டிச் சிரித்தார்.

"பாத்தியா, நீ இல்லவே இல்ல. இனிமே உன்ன ஒதுங்கச் சொல்ல வேண்டியதே இல்ல."

என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அடுத்த படத்துக்குத் தயாரானபோது தேசம்மா வாளியைத் தரையில் வைத்துவிட்டு, காரின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏழு வருஷமா இங்கதான் இருக்கேன். எடு தம்பி."

அழுத்தினேன். அவளைத் தொட்டுத் தள்ளக் கூசிய சார், காரைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தினார், கையை வீசினார். முப்பது நொடியும் அவள் அசையவில்லை.

திரையில் கார் இருந்தது. அதன் முன்னால் தேசம்மா இருந்தாள். சார் கேமராவைப் பிடுங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தன்னைத் தேடினார்.

"இப்ப சிரி சார்" என்றாள் தேசம்மா.