பதினாலாம் நம்பரின் பிடி

திரையில் கோடுகள் மெல்ல எழுந்து வந்தன. பதினாலாம் நம்பரின் தடத்தில் மேலே ஒன்றுமே இல்லை.

"பிணம் நிஜமாவே பிணம்தான்!" என்று வெஸ்லி கையைத் தட்டினான்.

இருட்டறையில் நாங்கள் மூன்று பேர். நான், என்னோடு ஆராய்ச்சி மாணவனாக இருக்கும் வெஸ்லி, எங்கள் பேராசிரியை மார்கிட். கதவுக்கு அந்தப் பக்கம் மினசோட்டாவின் பிப்ரவரி, நடுமத்தியானம்.

பிணம் என்பது வெஸ்லி வைத்த பெயர்.

கண் மருத்துவமனையிலிருந்து எங்களுக்கு ஆட்கள் வருவதில்லை, எண்கள் வரும். ஓர் எண் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்து ஜீனில் இருக்கும் பிழையோடு அப்படியே புரதத்தைச் செய்து பார்ப்பது எங்கள் வேலை. அரைகுறையாகப் பிடிக்கும் எட்டாம் நம்பருக்குச் சோம்பேறி என்று பெயர். கண்ட இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் பதினொன்று, குடிகாரன்.

இந்தத் துறையே அப்படித்தான். ஈக்குக் கண்ணை உண்டாக்கும் ஜீனுக்குக் 'கண்ணில்லாதது' என்று பெயர் வைத்த துறை. எது கெட்டுப்போகிறதோ அதுதான் பெயர்.

குழாயின் மூடியில் அவன் 'பிணம்' என்று எழுதுவான். நான் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு 14 என்று எழுதுவேன். மறுநாள் மறுபடி பிணம். மறுபடி ஸ்பிரிட்.

"அம்மா தாயே, உனக்குச் சிரிப்பே வராதா?" என்பான்.

"சிரிப்பு வர்ற மாதிரி ஏதாவது சொல்லு, வரும்."

விஷயம் இவ்வளவுதான். கருவில் கண் உருவாகும்போது இந்தப் புரதம் டி.என்.ஏ.வின் சரியான இடத்தைத் தேடிப்போய்ப் பிடிக்க வேண்டும். பிடித்தால்தான் கண்ணுக்கான மற்ற ஜீன்கள் விழிக்கும். பிடி போதாவிட்டால் பிள்ளை கண்ணில் நிற வளையம் இல்லாமல் பிறக்கும். நடுவில் கறுப்பு மட்டும். திரைச்சீலை இல்லாத ஜன்னல் மாதிரி, வருகிற வெளிச்சமெல்லாம் உள்ளே.

பிடிக்கிறதா என்று பார்க்க, டி.என்.ஏ.வையும் புரதத்தையும் சேர்த்து, கெட்டிக் கூழ் மாதிரியான ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி மேலிருந்து கீழே ஓட விடுவோம். பிடித்திருந்தால் இரண்டும் சேர்ந்து கனத்து மெதுவாக ஊரும். கோடு மேலேயே நிற்கும். பிடிக்காத டி.என்.ஏ. தனியாக அடிக்கு ஓடிவிடும்.

பதினாலில் எல்லாம் அடியில் கிடந்தது.

துளி பிடி இருந்தாலும் போதும் எனக்கு. இருக்கிற பிடியை இறுக்கிவிடும் சொட்டு மருந்து ஒன்றை மருத்துவமனை கோடையில் சோதிக்கப்போகிறது. சோம்பேறி வீட்டுக்காரர்களைச் சேர்த்தாகிவிட்டது. பிடியே இல்லாதவர்களைச் சேர்க்க மாட்டார்கள். இல்லாததை எப்படி இறுக்குவது?

பதினாலுக்கு இதுதான் கடைசி ஓட்டம்.

நான் திரையின் வெளிச்சத்தை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். மேலே, கோடு நிற்க வேண்டிய இடத்தில், சாம்பலாக ஏதோ தெரிந்தது.

"இங்க பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மார்கிட் குனிந்து பார்த்தார். "நீ என்ன நினைக்கிற, ட்ரினா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை ஓட்டச் சொல்லியிருப்பார். இன்னொரு மாதம் கிடைத்திருக்கும். எங்கள் அப்பா சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இத்தனை வருஷம் மிதித்ததில் கற்றது ஒன்றே ஒன்று: அழுக்கு எது, கோடு எது என்று பார்த்தவுடன் தெரியும்.

"அழுக்கு" என்றேன்.

"அதான பார்த்தேன்" என்றான் வெஸ்லி.

மார்கிட் என் தோளைத் தட்டினார். "ரொம்பச் சுத்தமா வந்திருக்கு. கட்டுரையில இதையே முதல் படமாப் போட்டுடலாம். பிடிப்பு இல்லைன்னு மருத்துவமனைக்கு இன்னிக்கே சொல்லிடறேன்."

அவருக்கு மகிழ்ச்சி. இருக்கத்தானே செய்யும்! எட்டாம் நம்பர் மாதிரி வழவழா கொழகொழா இல்லாமல், கேட்ட கேள்விக்கு ஒரே பதில்.

சுத்தமான முடிவு கிடைத்தால், அதை ஓட்டியவருக்கு மார்கிட் வீட்டிலிருந்து கொண்டுவரும் எலுமிச்சை கேக்கில் முதல் துண்டு. எங்கள் ஆய்வகத்து வழக்கம். வெஸ்லியே வெட்டிக் காகிதத் தட்டில் வைத்து நீட்டினான்.

"ஜெயிச்சுட்டு ஏன் இப்படி முறைக்கிற? தேன் கலர்ல அவ்வளவு அழகான கண்ணை வச்சுக்கிட்டு."

வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

பிறகு கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டேன். அலைபேசியில் அம்மாவின் குறுஞ்செய்தி, மூன்று கேள்விக்குறி மட்டும். மத்தியானத்தில் அவள் சமையலறையை விட்டு வெளியே வர மாட்டாள். திரையெல்லாம் இழுத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, அலைபேசியை மூக்குக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

கையைக் கழுவினேன். வலது கண்ணிலிருந்து லென்ஸை எடுத்தேன். அப்புறம் இடது.

வெஸ்லி சொன்ன தேன் நிறம் இரண்டு ஈர வளையங்களாக உள்ளங்கையில் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே தரையெல்லாம் பனி. அந்த வெளிச்சம் மொத்தமும், தடுக்க ஒன்றுமில்லாமல், உள்ளே வந்து அறைந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நம்மளச் சேர்த்துக்க மாட்டாங்கம்மா" என்றேன்.