சந்தனப் பொட்டுப் பெட்டி

பழைய கம்ப்யூட்டர் கடையில் ஒரே மலிவு விலையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் வானவில் விளக்குகள். மற்றது கறுப்பு, அதன் நெற்றியில் போன ஆயுதபூஜைச் சந்தனம். இன்று விற்காவிட்டால் அது காயலான் கடைக்குப் போகும்.

“என்ன தாத்தா, பொட்டெல்லாம் பலமா இருக்கு?” என்றது விளக்குப் பெட்டி.

இ-சேவை மையம் நடத்தும் மங்கையர்க்கரசி வந்தாள். திறந்த இணையப் பக்கத்தை மூடும் வழக்கமே அவளுக்குக் கிடையாது. இரண்டிலும் அடுக்கடுக்காகத் திறந்து பார்த்தாள். விளக்குப் பெட்டி திணறி நின்றது. கறுப்போ, “இன்னும் திறங்கம்மா” என்று முனகியது.

ஆனாலும் அவள் கண் விளக்குகளிலேயே மிதந்தது.

“கறுப்போட மெமரிதான் பெருசு. அதைக் கழற்றி இதுல போட்டுத் தர்றேம்மா,” என்றார் கடைக்காரர்.

மறுநாள் மையத்தில் பக்கங்கள் மேகங்களாக விரிந்துகொண்டே போயின.

“பார்த்தீரா என் திறமையை!” என்றது விளக்குப் பெட்டி, யாரிடமென்று தெரியாமல்.

“நீ மின்னு ராஜா, நான் திறக்கிறேன்,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். இலேசாகச் சந்தனம் மணந்தது.