அதிரச டப்பா

“அதிரசம் எப்டி இருக்கு மாப்ளே?”

“சூப்பர் அத்தை. இன்னும் ரெண்டு வைங்க.”

தலைதீபாவளியன்று குடியாத்தத்தில் மாமியார் மல்லிகாவிடம் கோபிநாத் சொன்ன பொய் அது. அதிரசம் அவனுக்குத் தொண்டையில் இறங்காது. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய அதிரசம் ஆம்பூருக்கு வந்துவிடும். ஷூ கம்பெனியில் கூட வேலை செய்பவர்களுக்குக் கொடுத்து, டீ நேரத்துக்குள் அதைக் காலி செய்துவிடுவான். பொங்கலுக்கு மனைவி ரோஷினியோடு போய் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பான்.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது மாமியாரின் புறங்கையில் ஒரு தழும்பு இருந்தது.

“தீபாவளிக்கு அதிரசம் சுடறப்போ எண்ண தெறிச்சிது. ஒண்ணும் இல்ல மாப்ளே.”

கோபிநாத்தால் தாங்க முடியவில்லை.

“அத்தை, கோச்சிக்காதீங்க. எனக்கு அதிரசமே புடிக்காது. நீங்க அனுப்பினதுல ஒண்ணுகூட நான் தின்னதில்ல.”

“தெரியும். ரோஷினி அடுத்த வருஷமே சொல்லிட்டா.”

“அப்புறம் இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டம்?”

மல்லிகா காலி டப்பாவை முந்தானையால் துடைத்தாள்.

“தின்னாலும் தின்னாட்டியும், இதத் திருப்பிக் குடுக்க வருஷத்துக்கு ஒரு வாட்டியாவது வர்றீங்கல்ல.”

ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். கோபிநாத் தலையைக் குனிந்துகொண்டான்.

“டப்பா இல்லாமலும் வாங்க மாப்ளே” என்றாள் மல்லிகா.