பரணுக்குத் திரும்பும் கம்பளி

கண்ணைத் திறக்க மனமில்லாதவனுக்காகக் கதிரவன் எத்தனை முறைதான் உதிப்பான்?

மலைப்பூங்காக் கூடாரத்தில் மூன்றாம் நாள் விடியலிலும் அலாரக் கடிகாரம் தொண்டை வறளக் கத்தியது. ஓராண்டாகப் பரணில் பாச்சை உருண்டைகளோடு கிடந்து, "ஒரே ஒரு சூரியோதயம் பார்த்துவிட்டால் போதும், அண்ணே" என்று புலம்பிய கம்பளியோ சுருண்டே கிடந்தது.

"முதல் நாள் குளிர் என்றாய், நேற்று மூடுபனி என்றாய். இன்று என்ன, தம்பி?" என்றது கடிகாரம்.

"இன்னும் ஐந்தே நிமிடம், அண்ணே. சூரியன் எங்கே ஓடிவிடப் போகிறது?"

"அது ஓடாது. எட்டு மணிப் பேருந்தில் நாம்தான் போகிறோம். வீட்டுக்குப் போனதும் உனக்கு மறுபடியும் பரண்தான்."

கம்பளியின் ஓரம் மெல்ல அசைந்து, மீண்டும் அடங்கியது.

"கிழக்கு வெளுத்துவிட்டது. கத்துவதற்கு எனக்கு வாய் இருக்கிறது. உன்னை உதறி எழுப்பக் கை இல்லை. எழுந்திரு தம்பி, இன்றைக்கே, இப்போதே."