எதிர்க்கடைப் பூனைகள்

மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள் மங்கை.

"வினிதா, நீ கைலேசர் செய்றியாமே? எனக்கும் ஒண்ணு வேணும். பூனைக்கு."

இயற்பியல் படித்துவிட்டு வீட்டிலேயே லேசர் செய்யும் வினிதா, தலை நிமிராமல் கேட்டாள். "இன்னாக்கா ஆச்சு?"

"ராயபுரத்துல கீற பூனை மொத்தமும் ஒரு வாரமா என் கடையிலதான் குந்திக்கினு கீது. நேத்து ஒரு முழு வஞ்சிரம் போச்சு. எதிர்க்கடை வரலட்சுமிகிட்ட ஒண்ணுகூட எட்டிப் பாக்கல. இப்படியே போனா நான் கடையை மூட வேண்டியதுதான்."

"அப்போ பச்சை எடுத்துக்கக்கா. ஐந்நூத்து முப்பத்திரண்டு நானோமீட்டர்."

"இன்னா மீட்டரோ. பூனை எதிர்க்கடைக்குப் போனா சரி."

"போவும். வெளிச்சப் புள்ளியைக் கண்டா பூனை துரத்திக்கினே ஓடும். சிவப்பு பூனைக் கண்ணுக்கு மங்கலாத்தான் தெரியும். பச்சை வந்துட்டா சிவப்பைத் திரும்பிக்கூடப் பாக்காது. கதிர் விரியாத லென்ஸ் போடறேன், இருபதடி தூரத்துலயும் புள்ளி பளிச்சுனு வுழும். யார் கண்ணுலயும் மட்டும் அடிச்சிடாதக்கா."

"நீ நல்லா இருப்பே" என்று வாழ்த்திவிட்டு, லென்ஸ் போட்டு வினிதா கொடுத்த லேசரை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள் மங்கை.

மறுநாள் மதியம் வரலட்சுமி போன் செய்தாள்.

"இன்னாடி வினிதா, போன வாரம் நீ குடுத்த சிவப்பு லேசர் இன்னிக்கு வேலைக்கே ஆவல. மங்கை கடைக்கு நான் அனுப்பி வெச்ச பூனைங்க அத்தனையும் திரும்பி வந்து நிக்குது."

வினிதா லென்ஸ் டப்பாவைத் திறந்தாள்.

"கவலைப்படாதக்கா. மீன் வடிவத்துலயே வெளிச்சம் வுழற லென்ஸ் ஒண்ணு கீது. பச்சையில போட்டுத் தரேன்."