அட்மின் போட்ட சட்டம்

"ஞாயித்துக்கிழமை அரூருக்கு வர்றனுங்க. அப்படியே ஒரு எட்டு உங்க வண்டியப் பாத்துட்டுப் போயிடறேன்."

பொம்மிடி சென்றாயன் போனில் இப்படிச் சொன்னதும் மாதவராஜ் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"எதுக்குங்க அவ்வளவு தூரம்? வாராவாரம் எஞ்சின் சத்தம் அனுப்பறேனே, பத்தலீங்களா?"

"நாலு வருசமா சத்தம்தானுங்க கேக்கறோம். மூஞ்சியப் பாத்ததில்லையே."

போனை வைத்த மாதவராஜ் ஷெட்டைத் திறந்து பார்த்தார். உள்ளே காய்ந்த தேங்காய் மட்டைதான் கிடந்தது. கார் போய் ஐந்து வருடமாகிவிட்டது.

ஒரு காலத்தில் அவருடைய வாட்ஸ்அப் குரூப்பில் முப்பத்திரண்டு பேர். அத்தனை பேரும் ஜப்பான் கார் பைத்தியங்கள். ஒரு சைலன்சருக்காக பெங்களூரு பழைய இரும்புக் கடைகளில் நாள் முழுக்க அலைவார்கள். ஞாயிறு காலையில் தீர்த்தமலை ரோட்டோரம் பானெட்டைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் வாயடிப்பார்கள். இப்போது பையன்கள் லேப்டாப்பைச் சொருகி எஞ்சின் வேகத்தை ஏற்றி, ரீல்ஸ் போட்டுவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுகிறார்கள். பழைய கார்களுக்குச் சாமானும் கிடைப்பதில்லை. போலீஸ் தொல்லை வேறு. ஒவ்வொருவராக விற்றார்கள்.

விற்றவரை அன்றே குரூப்பை விட்டுத் தூக்குவது அட்மின் மாதவராஜ் போட்ட சட்டம். 'வண்டி இல்லாதவனுக்கு இங்க என்ன வேலை?' என்று எழுதிவிட்டுத்தான் தூக்குவார்.

தன் வினை தன்னைச் சுடும். கடைசியில் அவரும் சேலத்துத் தரகரிடம் காரைத் தள்ளிவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்போதோ பதிவு செய்த எஞ்சின் சத்தத்தை ஞாயிறுதோறும் அனுப்பிக்கொண்டிருந்தார். குரூப்பில் மிஞ்சியது அவரும், கடைசியாகச் சேர்ந்த சென்றாயனும்தான். சென்றாயனும் தன் கார் சத்தத்தை அனுப்புவார்.

"உங்க வண்டி இருமுதுங்க. எந்த மடையன் அதுல கை வெச்சான்? என் வண்டியக் கேளுங்க, பாடுது" என்பார் மாதவராஜ்.

மனைவி சுகுணா இறந்த பிறகு அவரிடம் பேச சென்றாயனின் குரல் ஒன்றுதான் இருந்தது. அதுவும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று நினைக்கவே பயமாக இருந்தது.

சொன்னபடி சென்றாயன் வந்தார்.

"சந்துல பள்ளம் தோண்டிப் போட்டிருக்கறாங்க. வண்டிய மெயின் ரோட்டுலயே நிறுத்திட்டனுங்க."

தண்ணீர் குடித்தார். மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். ஷெட் பக்கம் திரும்பவே இல்லை. மாதவராஜால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"வண்டி இல்லீங்க. வித்துட்டேன். நான் அனுப்புனதெல்லாம் பழைய ரிக்கார்டிங்கு." தலையைக் குனிந்தபடியே போனை எடுத்தார். "சட்டம்னா சட்டம்தானுங்க. குரூப்ப விட்டு நானே வெளிய போயிக்கறேன்."

சென்றாயன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. எனக்கு மொதல்லயே தெரியுமுங்க."

"எப்படி?"

"சேலத்துல நான் வாங்குன வண்டிக்குள்ள உங்க பேர்ல இன்சூரன்ஸ் பேப்பர் கெடந்துச்சு. அதச் சொல்லத்தான் விசாரிச்சு குரூப்புல சேந்தேன். அன்னிக்கே நீங்க, 'இது காலையில ஸ்டார்ட் பண்ணது'ன்னு சத்தத்த அனுப்பிட்டீங்க. அப்புறம் எப்படிங்க சொல்றது?"

சாவியை எடுத்து மாதவராஜின் உள்ளங்கையில் வைத்தார்.

"நாலு வருசமா இருமுது இருமுதுன்னு திட்டுனீங்களே, அது உங்க வண்டிதானுங்க."