எட்டாவது இடம்

முதல் ஆட்டத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. கான்சாஸின் அந்தச் சின்ன ஊரில், இந்த ஆண்டின் அமெரிக்கக் கால்பந்துத் தொடரை எட்டுக் கல்லூரி அணிகளும் எந்த வரிசையில் முடிக்கும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதி, டெல்மரின் காபிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எல்லாத் தாளிலும் சொந்த ஊர் அணிதான் முதலிடம். வெர்னாவின் தாளில் மட்டும் கடைசி.

"களத்துல டீமை நடத்துறதே உன் பையன் கோல்பிதானே? பெத்த பிள்ளையையே எட்டாவதா போடுறியே, நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்றார் டெல்மர். "எதிர் டீம் தொப்பி ஒண்ணு வாங்கித் தரட்டுமா?"

கடையே சிரித்தது. வெர்னா ஆறிப்போன காபியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். முதலிடம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்திருந்தாள், கை வரவில்லை.

பக்கத்தில் இருந்த, சொந்த ஊர் அணியின் கோச் ராய்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "பையனோட சண்டையா, வெர்னா? அவன் ஆடுற வரைக்கும் நமக்கென்ன கவலை?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான், கோச். முக்கியமா உங்ககிட்ட."

சிரிப்பு அடங்கியது.

"என்னம்மா அது?"

"இன்னொரு தடவை தலையில அடிபட்டா அவன் உயிர் தங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."